பழைய ஜூக்பாக்ஸ் ஆம்பிளிஃபையர்: பிளக்கைச் சொருகும் முன் செய்ய வேண்டியவை

காசு போட்டால் இசைத்தட்டைப் பாடவைக்கும் பழைய ஜூக்பாக்ஸ் ஒன்று கைக்கு வந்தால், பிளக்கைச் சொருகி ஒரு பாட்டாவது கேட்டுவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த ஆசையைச் சில வாரங்களுக்கு அடக்கி வையுங்கள். இருபது முப்பது வருடம் சும்மா கிடந்த வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்பிளிஃபையருக்கு மிக ஆபத்தான நேரம் அந்த முதல் இரண்டு நிமிடம்தான்.

வுர்லிட்சர், சீபர்க், ராக்-ஓலா, ஏஎம்ஐ என்று அமெரிக்காவில் 1940களிலும் 50களிலும் வந்த பெட்டிகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். நாள் முழுக்க ஓடிச் சம்பாதிக்க வேண்டிய இயந்திரம் என்பதால் இவற்றின் ஆம்பிளிஃபையரைக் கனத்த சேசிஸில் (பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டில்), பெரிய டிரான்ஸ்பார்மர்களோடு, கையால் இணைத்துக் கட்டியிருப்பார்கள். திருகாணிகளைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிடத் தோதான பெட்டி கிடைக்காது.

சரி, ஆபத்து எங்கே இருக்கிறது? பவர் சப்ளையில் சார்ஜைச் சேர்த்துவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களுக்குள் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம்தான் காப்பாக நிற்கிறது. மின்சாரமே காணாமல் கிடந்தால் அந்தப் படலம் தேய்ந்துவிடும், உள்ளே இருக்கும் திரவமும் காய்ந்துவிடும். அந்த நிலையில் 400 வோல்ட் வந்து மோதினால் கண்டென்சர் ஏறக்குறைய ஷார்ட் ஆனதுபோல் மின்சாரத்தை உறிஞ்சும். அது, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வைத் தின்னும், அப்புறம் பவர் டிரான்ஸ்பார்மரைச் சுட்டுவிடும். கண்டென்சர் எங்கும் கிடைக்கும், விலையும் கொஞ்சம். அந்த ஆம்பிளிஃபையருக்கென்றே சுற்றப்பட்ட டிரான்ஸ்பார்மர் போனால் சுற்றித்தான் வாங்க வேண்டும். கீழே நான் சொல்லும் வரிசை முழுவதும் பவர் டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் ஆகிய இரண்டையும் காப்பதற்காகத்தான்.

உயிருக்குப் பாதுகாப்பு

இந்தச் சேசிஸுக்குள் 350 முதல் 450 வோல்ட் வரை டிசி ஓடும். பிளக்கைக் கழற்றிய பிறகும் பவர் சப்ளையின் அந்த எலக்ட்ரோலிட்டிக்குகளில், அதாவது ஃபில்டர் கண்டென்சர்களில், அது தங்கியிருக்கும். ஆளைக் கொல்லப் போதுமான மின்சாரம் இது. வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது ஆன் செய்து வேலை பார்க்காதீர்கள். மோதிரம், கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஆன் நிலையில் அளக்கும்போது மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப்பால் சேசிஸில் மாட்டிவிட்டு, ஒரே கையால் சிவப்பு முனையைப் பிடியுங்கள். மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். இரண்டு கைக்கும் நடுவில் இருப்பது இதயம்.

சார்ஜ் இறக்க, 2.2 கிலோ ஓம், 10 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் காப்பிட்ட முதலைக் கிளிப் சேர்த்து ஒரு கருவி செய்துகொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு முனையைச் சேசிஸிலும் மற்றதை ஃபில்டர் கண்டென்சரின் பாசிட்டிவிலும் மாட்டிப் பத்து விநாடி விடுங்கள். பிறகு மீட்டரால் அளந்து உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பெரிய பொறி வரவைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது கண்டென்சருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. இறக்கிய கண்டென்சரில் சற்று நேரத்தில் மறுபடி கொஞ்சம் வோல்ட் ஊறும் என்பதால், வேலை முடியும்வரை கிளிப்பைக் கழற்றாமல் விட்டுவிடுவது நல்லது. ஆன் செய்யும் முன் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

கருவிகளும் காகிதமும்

1000 வோல்ட் டிசி தாங்கும் நல்ல மல்டிமீட்டர், 40 வாட் சால்டரிங் அயர்ன், சேசிஸில் நேரடியாகப் பற்றவைத்த இடங்களுக்கு 80 அல்லது 100 வாட் அயர்ன் ஒன்று, சால்டர் உறிஞ்சி, மூக்குக் குறடு. இவற்றோடு சீரிஸ் பல்பு போர்டு ஒன்றும் கட்டாயம். ஃபேஸ் ஒயருக்கு நடுவே ஹோல்டர் வைத்து 100 வாட் இழை பல்பு மாட்டினால் போர்டு தயார். எல்இடி பல்பு இதற்கு உதவாது. இழை சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் கூடும், அதனால் ஷார்ட் இருந்தாலும் மின்சாரம் ஒரு அளவுக்கு மேல் போகாது.

வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரான வேரியாக் இருந்தால் போதும், வோல்ட்டை மெல்ல ஏற்றிக் கண்டென்சர்களை எழுப்பிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். ரெக்டிஃபையர் வால்வு உள்ள ஆம்பிளிஃபையரில் அது நினைத்தபடி நடக்காது. குறைந்த வோல்ட்டில் வால்வின் இழை சூடாகாது, எனவே டிசியே வராது. சூடாகும் கட்டத்தை எட்டும்போது ஏற்கெனவே நிறைய வோல்ட் வந்திருக்கும். என் அனுபவத்தில் சீரிஸ் பல்புதான் நம்பகமானது.

ஆம்பிளிஃபையரின் மாடல் எண் சேசிஸில் தகடாகவோ முத்திரையாகவோ இருக்கும். அதே எண்ணுக்குரிய சர்க்யூட் படத்தைத் தேடி எடுங்கள். பக்கத்து எண்ணுக்குரிய படம் ஏறக்குறைய பொருந்தும், ஆனால் பொருந்தாத அந்த ஓரிடத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு ஒயரைத் தொடும் முன் சேசிஸின் அடிப்பக்கத்தை நான்கு கோணங்களில் படமெடுத்து வையுங்கள்.

மின்சாரமில்லாமல் முதல் பார்வை

முகர்ந்து பாருங்கள். எரிந்த வார்னிஷ் வாடையோ, பவர் டிரான்ஸ்பார்மரின் அடியில் தார் வழிந்த தடமோ இருந்தால் கவலைப்பட வேண்டிய செய்தி. பிறகு ஃபியூஸைக் கழற்றி அதன் எண்ணைப் படியுங்கள். 3 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 15 ஆம்பியர் இருப்பதும், ஃபாயில் காகிதம் சுற்றியிருப்பதும் சாதாரணம். அப்படி இருந்தால், யாரோ ஒருவர் கோளாறைத் தேடாமல் ஃபியூஸை ஏமாற்றியிருக்கிறார். அந்தக் கோளாறு இன்னும் உள்ளேதான் இருக்கும்.

அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் நடு முனையிலிருந்து ஸ்பீக்கருக்கான சக்தியைத் தரும் இரண்டு அவுட்புட் வால்வுகளின் பிளேட் (உயர் வோல்ட் வரும் உலோகத் தகடு) முனை வரை ஓம் அளந்து பாருங்கள். இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒத்திருக்கும். ஒரு பாதி உள்சுற்றாகவும் மற்றது வெளிச்சுற்றாகவும் அமைந்திருந்தால் சற்று வித்தியாசம் வரும், அது கோளாறல்ல. ஒரு பக்கம் அளவே வராவிட்டால் சுற்று அறுந்திருக்கிறது. அப்படியானால் மற்ற பாகங்களை வாங்கும் முன் டிரான்ஸ்பார்மருக்கு வழி பாருங்கள்.

மெயின்ஸ் கேபிள் பெரும்பாலும் இரண்டு ஒயர் கொண்டதாக, ரப்பர் வெடித்துப் போயிருக்கும். யோசிக்காமல் மூன்று ஒயர் கேபிளாக மாற்றுங்கள். எர்த் ஒயர் பெட்டியின் உலோகச் சட்டத்துக்கும் ஆம்பிளிஃபையர் சேசிஸுக்கும் தனித் திருகாணியில் போகட்டும். ஃபியூஸ் ஃபேஸ் ஒயரில் இருக்க வேண்டும். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் சிறு கண்டென்சர் ஒன்று பல பெட்டிகளில் உண்டு. பழைய காகிதக் கண்டென்சர் அந்த இடத்தில் ஷார்ட் ஆனால், தொடும் உலோகமெல்லாம் ஷாக் அடிக்கும். அதை எடுத்துவிடலாம், அல்லது ஒய்2 வகைப் பாதுகாப்புக் கண்டென்சர் போடலாம். மெயின்ஸின் இரு ஒயர்களுக்கு இடையே இருப்பதற்கு எக்ஸ்2 வகை.

இந்த இயந்திரங்கள் 110 முதல் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்யப்பட்டவை. 230 வோல்ட் உள்ள நாட்டில் வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் தேவை. ஆனால் அது ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸில் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். நிமிடத்துக்கு 45 சுழற்சி 37.5 ஆகிவிடும், பாடகரின் குரல் இழுபடும். அதற்கு மோட்டாரின் கப்பியை மாற்ற வேண்டும், ஆம்பிளிஃபையரைக் குறை சொல்லிப் பயனில்லை. 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய பவர் டிரான்ஸ்பார்மரும் 50இல் கூடுதலாகச் சூடாகும், எனவே அதற்குத் தரும் வோல்ட்டைச் சற்றுக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டென்சர்கள்

வேலையில் முக்கால் பங்கு இதுதான். முதலில் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பழைய பாகங்களில் எம்எஃப்டி என்றிருந்தால் மைக்ரோஃபாரட். எம்எம்எஃப் என்று இரண்டு எம் வந்தால் பிக்கோஃபாரட். பழைய மதிப்புகள் இன்று அப்படியே கிடைக்காது. 0.05க்குப் பதில் 0.047, 0.02க்குப் பதில் 0.022, 20க்குப் பதில் 22, 40க்குப் பதில் 47 போடலாம். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கட்டும், குறையவே கூடாது.

மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள், கறுப்பு உடம்பில் வண்ணக் கோடுகள் போட்ட வார்ப்புக் கண்டென்சர்கள் ஆகிய இரண்டையும் ஒன்றுவிடாமல் மாற்றிவிடுங்கள். பார்க்கப் புதிதுபோல் இருக்கின்றனவே, மீட்டரில் சரியாகக் காட்டுகின்றனவே என்று கேட்கலாம். மீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது. அவுட்புட் வால்வுக்கு முந்தைய டிரைவர் வால்வின் பிளேட்டிலிருந்து, அவுட்புட் வால்வின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குப் போகும் 0.05 கண்டென்சர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 50 மெகா ஓம் கசிவு இருந்தால் பல மீட்டர்கள் அதைக் காட்டவே காட்டா. ஆனால் ஒரு பக்கம் 200 வோல்ட் நிற்கும்போது, 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் அந்தக் கசிவு ஏறக்குறைய 2 வோல்ட்டை வைத்துவிடும். கிரிட்டில் வரவே கூடாத பாசிட்டிவ் வோல்ட் அது. வால்வு கூடுதல் மின்சாரம் இழுக்கும், சேசிஸ் சூடாகும், சூட்டில் கசிவு இன்னும் பெருகும். கடைசியில் பிளேட் சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் சுற்று அறுந்துபோகும். ஒரு சின்னக் கண்டென்சரில் தொடங்கும் அழிவு இது. நேரம் கொஞ்சம்தான் என்றால் எல்லாவற்றுக்கும் முன்பு, அவுட்புட் வால்வுக்கு ஒன்றாக உள்ள இந்த இரண்டு கிரிட் கண்டென்சர்களை மாற்றுங்கள். 630 வோல்ட் ஃபிலிம் வகை போதும். அதிக விலைக்கு விற்கும் அபூர்வ வகைகள் இங்கே தேவையில்லை.

மைக்கா கண்டென்சர்களைத் தொடாதீர்கள். அவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எண்ணெய் நிரப்பிய உலோகக் கண்டென்சர் கசிந்திருந்தால் வெறுங்கையால் தொட வேண்டாம். அந்தக் காலத்து எண்ணெயில் பிசிபி என்ற நச்சுப் பொருள் இருக்கலாம். கையுறை போட்டுக் கழற்றி, பையில் கட்டி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

சேசிஸின் மேலே நிற்கும் அலுமினியக் குப்பிதான் ஃபில்டர் எலக்ட்ரோலிட்டிக். ஒரே குப்பிக்குள் இரண்டு மூன்று கண்டென்சர் இருக்கும். அடியில் அரைவட்டம், சதுரம், முக்கோணம் என்று ஓட்டை போட்டு, எந்த முனை எந்த மதிப்பு என்று பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். குப்பியை அழகுக்காக அப்படியே நிற்க விடுங்கள். ஒயர்களை அதிலிருந்து கழற்றி, அடியில் டேக் ஸ்ட்ரிப் ஒன்றைத் திருகி, புதிய கண்டென்சர்களை அதில் கட்டுங்கள். பழையதைக் கழற்றாமல் அதன் மேலேயே புதியதை இணைப்பது பெரிய தவறு. உள்ளே இருக்கும் கசிவு அப்படியே தொடரும்.

ரெக்டிஃபையரை அடுத்து வரும் முதல் கண்டென்சரின் மதிப்பைக் கூட்டாதீர்கள். உறுமல் குறையட்டும் என்று 20 இருந்த இடத்தில் 100 போட்டால், ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ரெக்டிஃபையர் வால்வு தாங்க முடியாத மின்சாரத்தைத் தர வேண்டி வரும். எலக்ட்ரோலிட்டிக்கில் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளை இரண்டு முறை பாருங்கள். சில சர்க்யூட்களில், கிரிட்டுக்கு நெகட்டிவ் வோல்ட் தரும் பயஸ் சப்ளைக்குப் பாசிட்டிவ் முனை சேசிஸுக்குப் போகும்.

ஒன்றைக் கழற்றி, அதே இடத்தில் புதியதை வைத்து, படத்தில் டிக் போட்டு, பிறகு அடுத்ததுக்குப் போங்கள். நான் ஒருமுறை ஏழெட்டைச் சேர்த்துக் கழற்றிவிட்டு, எந்த ஒயர் எங்கே போனது என்று ஒரு வாரம் தேடினேன்.

ரெசிஸ்டர்கள், செலினியம், சாக்கெட்

கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு வயதாக ஆகக் கூடிக்கொண்டே போகும். வெள்ளிக் கோடு இருந்தால் 10 சதவீதமும், நான்காவது கோடே இல்லாவிட்டால் 20 சதவீதமும் வித்தியாசம் இருக்கலாம் என்று பொருள். இங்கே ஒரு வசதி உண்டு. சர்க்யூட்டில் இருக்கும்போதே அளந்தால், பக்கத்துப் பாதைகளால் அளவு குறைவாகக் காட்டலாமே தவிரக் கூடுதலாகக் காட்டாது. எனவே 100 கிலோ ஓம் என்று எழுதிய ரெசிஸ்டர், சார்ஜ் இல்லாத சர்க்யூட்டில் 140 காட்டினால் அது நிச்சயம் மாறிப்போயிருக்கிறது, கழற்றிப் பார்க்கத் தேவையில்லை. குறைவாகக் காட்டினால் ஒரு காலைக் கழற்றி மறுபடி அளங்கள். பிளேட் ரெசிஸ்டர்களையும், அவுட்புட் வால்வுகளின் கேத்தோடு (எலக்ட்ரான்களை உமிழும் முனை) ரெசிஸ்டரையும் முதலில் கவனியுங்கள். அளவுக்குள் இருப்பவற்றை அப்படியே விடுங்கள்.

சதுரத் தகடுகளை அடுக்கியதுபோல் இருப்பது செலினியம் ரெக்டிஃபையர். பயஸுக்கோ, இயந்திரப் பகுதியை அசைக்கும் மின்காந்தங்களான சோலினாய்டுகளுக்கோ டிசி தருவது அதன் வேலை. எரிந்தால் குமட்டும் நாற்றத்தோடு நச்சுப் புகை வரும். உடனே அணைத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்து, அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். சிலிக்கான் டையோடு மாற்றாகும். பயஸுக்கு 1என்4007 போதும், சோலினாய்டுக்கு அதைவிடப் பெரிய பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வேண்டும். சிலிக்கானில் வோல்ட் இழப்பு குறைவு என்பதால் வெளியே வரும் வோல்ட் கூடும். அளந்து பார்த்து, படத்தில் உள்ள அளவுக்கு வரும்வரை தொடரில் ஒரு ரெசிஸ்டர் சேருங்கள்.

வால்வு சாக்கெட்டுகளையும் பல முனைப் பிளக்குகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பல்லிடுக்குத் தூரிகையும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். வால்யூம் கன்ட்ரோலுக்குள் காண்டாக்ட் கிளீனர் ஒரு துளி விட்டு முப்பது தடவை திருகினால் கரகரப்பு போகும்.

ஆன் செய்யும் நாள்

ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாக 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டரோ, சரியான முனைகளில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். சுமையில்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குள் உயர் வோல்ட் பாய்ந்து காப்பு உடையும்.

முதல் சுற்றில் எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டுச் சீரிஸ் பல்பு வழியாக ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி ஏறக்குறைய அணைந்துவிட்டால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணையுங்கள், டிரான்ஸ்பார்மரிலோ ஒயரிங்கிலோ ஷார்ட் இருக்கிறது. நல்லபடியாக இருந்தால், வால்வைச் சூடாக்கும் இழையான ஹீட்டருக்கு உரிய முனைகளில் 6.3 வோல்ட் அளவுக்கு ஏசி வருகிறதா, உயர் வோல்ட் சுற்றின் இரு பாதியும் சமமா என்று பாருங்கள். கால் மணி நேரம் விட்டால் டிரான்ஸ்பார்மர் வெதுவெதுப்பாக மட்டும் இருக்க வேண்டும்.

அடுத்த சுற்றில் எல்லா வால்வுகளையும் ஒன்றாகப் போடுங்கள். ரெக்டிஃபையரை மட்டும் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும், வேண்டாம். இழுப்பதற்கு மற்ற வால்வுகள் இல்லாவிட்டால் டிசி எகிறிவிடும். 350 வோல்ட் ஏசி சுற்று ஏறக்குறைய 495 வோல்ட் டிசியைத் தந்து, 450 வோல்ட் கண்டென்சரைத் தாண்டிப்போகும். வால்வுகள் சூடாகும்போது பல்பு சற்றே ஒளிர்ந்து நிலைத்து நிற்கும். அவுட்புட் வால்வின் பிளேட்டில் சிவப்பு தெரிகிறதா என்று அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுக்கலாம்.

இப்போது அளவுகள். பல ஜூக்பாக்ஸ்களில் 6எல்6 ஜோடிதான் அவுட்புட் வால்வு. இரண்டுக்கும் பொதுவாக 200 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர், அதில் 22 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 22ஐ 200ஆல் வகுத்தால் 110 மில்லி ஆம்பியர். ஒரு வால்வுக்கு 55. அதில் 5 வால்வின் இன்னொரு உள்முனையான ஸ்கிரீனுக்குப் போனால் பிளேட்டுக்கு 50. பிளேட்டில் 360 வோல்ட் இருந்தால் கேத்தோடின் 22ஐக் கழித்து 338. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 17 வாட். பழைய 6எல்6 பிளேட்டின் வரம்பு 19 வாட், எனவே வால்வு நிம்மதியாக இருக்கிறது. 19ஐத் தாண்டினால் வால்வு, கேத்தோடு ரெசிஸ்டர், மெயின்ஸ் வோல்ட் என்ற வரிசையில் காரணத்தைத் தேடுங்கள்.

சத்தம் வராவிட்டால்

எல்லா வோல்ட்டும் சரி, ஆனால் மேசையில் ஆம்பிளிஃபையர் ஊமையாக இருக்கிறதா? இசைத்தட்டு மாறும்போது இரைச்சல் கேட்காமல் இருக்க, இயந்திரப் பகுதி ஆம்பிளிஃபையரை மியூட் செய்து வைக்கும். அந்த இணைப்பு பெரிய பிளக்கின் வழியாக வருகிறது. பெட்டியிலிருந்து கழற்றியதும் சில மாடல்கள் நிரந்தரமாக மியூட் ஆகிவிடும். எந்த முனைகளை இணைத்தால் மியூட் விலகும் என்பதைப் படம் பார்த்துத் தெரிந்துகொண்டு பிறகு மாட்டுங்கள். இது தெரியாமல் நல்ல ஆம்பிளிஃபையரைப் பிரித்துக் குழப்பியவர்கள் பலர்.

இசைத்தட்டின் மேல் ஊசியோடு ஓடும் பிக்கப்பையும் சந்தேகப்படுங்கள். சீபர்க் 1948இல் கொண்டுவந்த, நூறு தேர்வுகள் கொண்ட எம்100ஏயில் காந்த வகைப் பிக்கப். மற்றப் பல பெட்டிகளில் கிரிஸ்டல் வகை. கிரிஸ்டலுக்குள் இருக்கும் உப்பு ஈரத்தில் கரைந்து செத்துவிடும், அதற்குப் பழுது கிடையாது, மாற்றுத்தான். இரண்டு வகையும் தரும் வோல்ட் மிகவும் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதை அப்படியே வைத்தால் சத்தம் மிகக் குறைவாகவோ, உடைந்துபோயோ கேட்கும்.

உறுமல் இருந்தால் அதன் சுருதியைக் கேளுங்கள். மெயின்ஸைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் என்றால் ஃபில்டர் கண்டென்சரின் இணைப்பில் குறை. மெயின்ஸின் அதே 50 அல்லது 60 என்றால் வால்வுக்குள் ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்குக் கசிவு, அல்லது பிக்கப் ஒயரின் ஷீல்டு சேசிஸைத் தொடவில்லை. டுக்டுக்டுக் என்று படகு மோட்டார்போல் கேட்டால், முன் வால்வுகளுக்கு டிசி போகும் வழியில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, போய்ப் பாருங்கள்.

வால்வுகளை வாங்குவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பாழாய்ப்போன கண்டென்சர்களோடு பட்டினி கிடந்த பழைய வால்வுகள், சரியான வோல்ட் கிடைத்ததும் நன்றாகப் பாடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பத்து மணி நேரம் ஓடிய பிறகு கேத்தோடு வோல்ட்டையும் உயர் டிசியையும் மறுபடி அளந்து, தேதியோடு ஒரு சீட்டில் எழுதிச் சேசிஸின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை ஏதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் சீட்டுத்தான் முதலில் தேவைப்படும்.